பேரைச் சொல்லாதீங்க, அக்கா!

இரவு நிகழ்ச்சியில் விருப்பப் பாடல் கேட்டு நேயர்கள் புலனத்தில் தகவல் அனுப்புவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் எழுதியிருந்தார்: "அவருக்காக ஒரு பாட்டு போடுங்க, அக்கா. ஆனா எங்க ரெண்டு பேரு பேரையும் சொல்லாதீங்க. எங்கம்மாவும் உங்க நிகழ்ச்சியைக் கேப்பாங்க."

காதலர் சீனர். நான்கு ஆண்டுப் பழக்கம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பாட்டைப் போட்டேன். அன்று வீடு திரும்பும்போது, மறைந்த யஸ்மின் அகமட் இயக்கிய 'டேலன்டைம்' படம்தான் நினைவுக்கு வந்தது. 2009-இல் வெளிவந்த அதுவே அவருடைய கடைசித் திரைப்படம்.

அதற்கு முன்பே 'செப்பெட்' படத்தில் மலாய்ப் பெண்ணுக்கும் சீன இளைஞனுக்கும் இடையிலான காதலைச் சொல்லிப் பாராட்டையும் கண்டனத்தையும் ஒருசேரப் பெற்றவர் அவர். 'டேலன்டைம்' நம் வீட்டுக்குள்ளேயே வந்தது. பள்ளித் திறமைப் போட்டியில் பங்கேற்கும் மெலூர் முஸ்லிம் பெண். அவளை மோட்டார் சைக்கிளில் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் மகேஷ் நம் பையன். அவனுக்குக் காது கேட்காது. அவள் பாடுவதை அவனால் கேட்க முடியாது. ஆனாலும் காதல் மலர்கிறது.

மகேஷின் தாய் கடுமையாக எதிர்க்கிறார். ஆனால் யஸ்மின் அவரை வில்லியாகக் காட்டவில்லை. மகேஷின் மாமா தம் திருமண நாளில் கொல்லப்படுகிறார். அந்தத் துக்கம் ஆறாத தாயின் கோபம் அது. கோபத்துக்கு அடியில் இருப்பது பயமும் வலியும் என்று படம் காட்டுகிறது.

நம் வீடுகளிலும் அப்படித்தான். "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?", "பேரப்பிள்ளை என்கிட்ட தமிழ் பேசுமா?" என்று கேட்கும் அம்மாக்களை நான் அறிவேன். முதல் கேள்வி வறட்டுக் கௌரவம். இரண்டாவது கேள்வியில் நியாயமான கவலை உண்டு. அதற்குப் பிள்ளைகள் பொறுமையாகப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நம் நாட்டில் முஸ்லிமைத் திருமணம் செய்ய மதம் மாற வேண்டும். அந்தச் சிக்கல் வேறு. முஸ்லிம் அல்லாத இந்தியரும் சீனரும் மணந்துகொள்ள 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பதிவு அலுவலகத்தில் யாரும் இனத்தைக் காட்டித் தடுப்பதில்லை. தடுப்பது நம் வீட்டு வரவேற்பறைதான்.

அந்தப் பெண்ணிடம், "அம்மாவோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: "பாத்தோம், அக்கா. அம்மா அழுதாங்க. நான் இன்னும் சொல்லல."

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் இப்படி ஒரு பெயரை மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கலாம். சம்மதம் பிறகு இருக்கட்டும். முதலில் அந்தப் பெயரைக் கேளுங்கள்.