சோழி: காசாக இருந்தது, தாயமாக மிஞ்சியது

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கம் இருக்கும் சிப்பிக் கடைகளில் கண்ணாடிச் சட்டம், மாலை, தோரணம் என்று எதை எடுத்தாலும் சோழி ஒட்டியிருக்கும். எல்லாம் நம்ம கடலில் அள்ளியது என்றுதான் தோன்றும். ஆனால் காசாகப் புழங்கிய அந்தச் சின்ன மஞ்சள் சோழி, வரலாற்றில் கப்பல் கப்பலாக வந்த இடம் மாலத்தீவு. 1343-இல் அங்கே போன இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார்: உயிரோடு பிடித்துக் குழியில் போடுவார்கள், சதை அழுகியதும் வெள்ளை ஓடு மிஞ்சும், அதை வங்காளத்துக்காரர்களிடம் கொடுத்து அரிசி வாங்குவார்கள்.

நம்ம பக்கம் சில்லறைக்குச் செப்புக்காசு இருந்தது. வங்காளத்திலும் ஒடிசாவிலும் சோழிதான் சில்லறை. 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பண், 16 பண் ஒரு காஹன். அதாவது ஒரு காஹனுக்கு 1280 சோழி. தேயாது, துருப்பிடிக்காது, கள்ளக்காசு அடிக்கவும் முடியாது. என்ன, கொஞ்சம் பெரிய தொகை என்றால் மூட்டை கட்டணும்.

இதே ஓட்டை ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அடிமைகளை வாங்கின. அழகுப்பொருளாகப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருவதில்லை. ஒடிசாவில் வேறு மாதிரி அடி. வரியை இனி வெள்ளியில்தான் கட்டணும் என்று கம்பெனி சொன்னதும் கையில் இருந்த சோழியின் மதிப்பு சரிந்தது. 1817-இல் குர்தாவில் வெடித்த பைக்கா கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

வாய்ப்பிளவு கண் மாதிரியும் பெண்குறி மாதிரியும் இருப்பதால் திருஷ்டிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அடையாளமாச்சு. மாட்டுக் கழுத்தில் கட்டுவதும் திருஷ்டிக்குத்தான். சித்த மருத்துவத்தில் இதன் பெயர் பலகறை, சுட்டுப் பற்பமாக்குவார்கள்.

எனக்குப் பிடித்தது தாயம். 6 சோழியைக் குலுக்கிப் போட்டு, வாய் மேலே இருப்பதை எண்ணுகிறோம். ஒன்று என்றால் தாயம், எல்லாம் கவிழ்ந்தால் 12. மறு ஆட்டம் தருவது 1, 5, 6, 12. ஏன் இந்த நாலு மட்டும்? கவிழவும் மல்லாரவும் சம வாய்ப்பு என்று வைத்தால் மொத்தம் 64 விதம். அதில் 2, 3, 4 மட்டுமே 50 விதம். மீதி 14-தான் இந்த நாலுக்கும். அரிதாக விழுவதற்குத்தான் பரிசு!

பித்தளைத் தாயக்கட்டை இரண்டில் (0, 1, 2, 3) போட்டுப் பார்த்தாலும் அதே நாலுதான் அரிது, ஆனால் 16-க்கு 6. தாயம் விழச் சராசரியாகக் கட்டையில் 8 தடவை போடணும், சோழியில் கிட்டத்தட்ட 11. கட்டைக்கு மாறினால் ஆட்டம் சீக்கிரம் சூடு பிடிப்பது இதனால்தான்.

ஆனால் நிஜச் சோழி சம வாய்ப்பில் விழும் என்று யார் சொன்னது? முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் தட்டை. வீட்டில் இருந்தால் ஒரே சோழியை 200 தடவை போட்டு எண்ணிப் பாருங்க, எத்தனை வாய் மேலே வந்தது என்று சொல்லுங்க.