அறையைப் பார்க்குமுன் அண்டை அயலைப் பாருங்கள்!



விடுமுறைக் காலம் நெருங்கினால் இப்போது நம் இல்லங்களில் ஒரு புதிய பேச்சு எழுகின்றது. முன்னெல்லாம் விடுமுறை என்றால் பாட்டனார் வீடு. அதை விட்டால் உறவினர் வீட்டுக் கல்யாணம். இன்றோ வெளிநாட்டில் உழைத்துச் சேமித்த மகன், “வாப்பா, குடும்பத்தோடு மாலத் தீவுக்குப் போய் வருவோமே” என்கின்றான். புதிதாக மணமுடித்த தம்பதியர் கைபேசியில் படங்களைக் காட்டுகின்றனர். நீலக் கடல், வெண்மணல், நீரின்மேல் மிதப்பதுபோல் ஓர் ஓலைக் குடில்! பார்ப்பவர் மனம் மயங்காமல் என்ன செய்யும்?

பயணம் செய்வது குற்றமன்று. பூமியில் சுற்றி வந்து இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆனின் அன்கபூத் அத்தியாயம் நம்மை ஏவுகின்றது. பவளப் பூச்சிகள் கட்டியெழுப்பிய திட்டுகளின்மேல், கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள நிலத்தில் ஒரு நாடே வாழ்கின்றது என்றால், அதைக் கண்டு “ஸுப்ஹானல்லாஹ்” என்று சொல்லாத நா உண்டோ? ஆகவே, போகலாமா என்பது இன்று நம் முன்னுள்ள கேள்வியன்று. போனால் எங்கே தங்குவது என்பதே கேள்வி.

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடு என்ற கருத்தில் அறபு மக்களிடையே ஒரு முதுமொழி வழங்குகின்றது. குடியிருக்கும் வீட்டுக்குச் சொன்ன இந்த அறிவுரை, தீவில் தங்கும் அறைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். சென்னையிலோ மதுரையிலோ ஒரு விடுதி பிடிக்கவில்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்த் தெருவுக்குப் போய்விடலாம். சிறு தீவில் எதிர்த் தெரு ஏது? அடுத்த படகு வரும்வரை அந்த அடுக்களைதான் உங்கள் அடுக்களை. அந்தக் கடற்கரைதான் உங்கள் கடற்கரை. அங்கே நடமாடுவோர்தாம் உங்கள் பிள்ளைகளின் கண்முன் நடமாடுவோர். எனவே முதலில் தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் விடுதியை, கடைசியில்தான் அறையை. நம்மவரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

இரு வகைத் தீவுகள்

மாலத் தீவு திருவனந்தபுரத்திற்குத் தென்மேற்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுமார் 1,200 தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் ஊராகக் குடியிருப்பவை 200க்கும் குறைவு. ஹிஜ்ரி 548ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1153இல், அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். அன்று முதல் அது முஸ்லிம்களின் நாடு.

முஸ்லிம் நாடுதானே, எங்கே தங்கினால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பயணிகள் தங்கும் தீவுகள் இரு வகைப்படும். ஒன்று, ஊர் இல்லாத தீவு முழுவதையும் ஒரே நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்தும் விடுதித் தீவு. மற்றொன்று, மக்கள் வாழ்கின்ற ஊர்த் தீவு. விடுதித் தீவில் வெளிநாட்டாருக்கு மது வழங்கச் சட்டம் இடம் தருகின்றது. பன்றி இறைச்சியும் பல விடுதிகளில் பரிமாறப்படுகின்றது. ஊர்த் தீவில் இவ்விரண்டிற்கும் இடமில்லை. இவ்விரு வகைக்கும் இடையே கடல்நீர் சில கல் தொலைவே இருக்கலாம். வாழ்க்கை முறையிலோ வெகுதூரம்.

1972இல்தான் அந்நாட்டின் முதல் விடுதித் தீவு தொடங்கப்பட்டது. அதற்குப் பின் நெடுங்காலம், பயணிகள் ஊர் மக்களிடமிருந்து பிரித்தே வைக்கப்பட்டனர். 2009ஆம் ஆண்டை ஒட்டித்தான் ஊர்த் தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த வழி திறக்கப்பட்டது. இன்று மாஃபுஷி போன்ற தீவுகளில் அத்தகைய விடுதிகள் நிறைந்துள்ளன.

இளநீர் தந்து அழைத்த மக்கள்

இந்தத் தீவுகளில் விருந்தினர் தங்கிய வரலாறு மிகப் பழையது. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343இல் அங்கே போய்ச் சேர்ந்தார். கதீஜா என்னும் அரசி ஆண்ட காலம் அது. அவர் அங்கே காஜியாகப் பதவி வகித்து, 1344இல் புறப்பட்டு, இலங்கை வழியாக நம் தமிழகக் கரைக்கு வந்து மதுரை சுல்தானைக் கண்டார்.

அவர் தம் பயண நூலில் ஒரு வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கின்றார். கப்பல் ஒன்று தீவை நெருங்கினால் ஊர் மக்கள் சிறு படகுகளில் வெற்றிலையும் இளங்காய்களும் ஏந்தி எதிர்கொண்டு செல்வார்கள். கப்பலில் உள்ளோரில் தாம் விரும்பிய ஒருவருக்கு ஒவ்வொருவரும் அவற்றைக் கொடுப்பார்கள். அதைப் பெற்றவர் கொடுத்தவரின் விருந்தினராகி, தம் பொருட்களோடு அவர் வீட்டிற்கே சென்று, உறவினர்போல் தங்குவாராம். அன்று பயணி வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டுக்காரரே விருந்தினரைத் தேர்ந்தெடுத்தார்!

அந்த இளங்காய்க்குத் திவேஹி மொழியில் ‘குரும்பா’ என்று பெயர். நாம் ‘குரும்பை’ என்று சொல்வதை இது நினைவூட்டவில்லையா? நம் கடற்கரை ஊர்களின் அடுக்களையில் மணக்கும் மாசிக் கருவாடும் அந்தத் தீவுகள் நமக்குத் தந்த பண்டமே. 1972இல் தொடங்கிய முதல் விடுதித் தீவுக்கு இட்ட பெயரும் குரும்பா என்பதே. ஒரு காலத்தில் அன்பின் அடையாளமாகக் கைக்குக் கை மாறிய காய், இன்று வணிகத்தின் பெயர்ப் பலகையாகிவிட்டது. காலம் மாறிவிட்டது, அதைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் காசு கொடுத்துத் தங்கினாலும் நாம் விருந்தினரே என்பதை மறக்கலாகாது. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் பகுதியென்று கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், விருந்தளிப்பவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் வரையில் தங்குவது விருந்தினருக்கு ஆகாது என்றும் எச்சரித்துள்ளார்கள்.

விடுதித் தீவைத் தேர்ந்தெடுத்தால்

விடுதித் தீவை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலும் ஒரு வசதி உண்டு. சுற்றிலும் மறைப்புள்ள தனிக் குடிலும், அதற்குள்ளேயே ஒரு சிறு நீச்சல் குளமும் கிடைத்தால், பெண்கள் அயலார் பார்வை படாமல் நீராடலாம். இந்த மறைவை ஊர்த் தீவின் சிறு விடுதியில் எதிர்பார்க்க முடியாது. நடமாட இயலாத முதியோருக்கும் அங்கே ஏற்பாடுகள் எளிது.

ஆனால் பணம் கட்டுமுன் சில செய்திகளை அறிந்துகொள்ளுங்கள். “எல்லாம் உட்பட” என்று விற்கப்படும் திட்டத்தில் பெரும்பாலும் மதுவின் விலையும் அடங்கியிருக்கும். நீங்கள் ஒரு சொட்டும் அருந்தமாட்டீர்கள். என்றாலும் உங்கள் ஹலாலான சம்பாத்தியம் அந்தக் கணக்கில் சேர வேண்டுமா? உணவு மட்டும் சேர்ந்த திட்டத்தைக் கேட்டுப் பெறுங்கள். மது சுற்றிவரும் விரிப்பில் அமர வேண்டாமென்று நபிமொழி தடுக்கின்றது. ஆகவே மது பரிமாறாத தனி உணவுக்கூடம் உண்டா என்று கேளுங்கள். பன்றி இறைச்சிக்கு வேறு பாத்திரமும் வேறு அடுப்பும் உண்டா என்றும் கேளுங்கள். இன்னொன்று: பெரும்பாலான விடுதித் தீவுகளில் ஊழியர் குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிவாசல் இருக்கும். விளம்பரப் படத்தில் அதைக் காணமுடியாது. அங்கே உங்களைத் தொழ அனுமதிப்பார்களா என்று கேட்டறியுங்கள். பகலெல்லாம் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த பணியாளரின் தோளோடு தோள் சேர்த்து உங்கள் மகன் ஸஃப்பில் நிற்பானாயின், அந்தப் பயணத்தில் அவன் கற்கும் பாடங்களில் அதுவே சிறந்ததாகும்.

ஊர்த் தீவைத் தேர்ந்தெடுத்தால்

பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு ஊர்த் தீவே ஏற்றது என்பது என் கருத்து. காலையில் எழுப்ப மணி வைக்க வேண்டியதில்லை; பாங்கோசை எழுப்பும். உணவு ஹலாலா என்று ஒவ்வொரு வேளையும் விசாரிக்க வேண்டியதில்லை. சூரை மீனையும் தேங்காயையும் வெங்காயத்தையும் பிசைந்து ‘ரோஷி’ எனும் ரொட்டியோடு வைக்கும் காலைச் சிற்றுண்டி நம் நாவுக்கு அந்நியமும் அன்று. ஊர்ப் பெண்கள் முழு ஆடையோடு கடலில் இறங்குவதால், நம் வீட்டுப் பெண்கள் அவ்வாறே இறங்கினாலும் யாரும் வேடிக்கை பார்க்கமாட்டார்கள்.

செலவிலும் வேறுபாடு பெரிது. 2025 ஜனவரி முதல், விடுதித் தீவில் ஒருவர் ஓர் இரவு தங்கச் செலுத்தும் பசுமை வரி மட்டும் 12 அமெரிக்க டாலர். ஊர்த் தீவின் சிறு விடுதியில் அது 6 டாலர். மேலும், ஊர்த் தீவு விடுதிகளில் பலவும் அவ்வூராருக்கே சொந்தமானவை. நீங்கள் கொடுக்கும் பணம் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் உலைக்கு அரிசியாகின்றது.

எனினும் கண்ணை மூடிக்கொண்டு போய்விடாதீர்கள். ஊர்த் தீவுகள் பலவற்றில் வெளிநாட்டார் அரைகுறை ஆடையோடு குளிக்க ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். ‘பிகினி பீச்’ என்று பலகையே வைத்திருப்பார்கள். உங்கள் அறையின் சன்னல் அந்தப் பக்கம் திறக்குமாயின், ஊர்த் தீவைத் தேர்ந்ததன் பயன் பாதி போய்விட்டது. சில தீவுகளுக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்ட படகுகளில் மதுவும் விற்கப்படுகின்றது. ஆகவே அறையை உறுதிசெய்யுமுன் அது பள்ளிவாசலுக்கு அருகில் உள்ளதா, அந்தக் கடற்கரைக்கு அருகில் உள்ளதா என்று தீவின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழுகையும் தங்கும் நாட்களும்

எத்தனை நாள் தங்குவது என்பது பணக்கணக்கு மட்டுமன்று. தொழுகையின் கணக்கும் ஆகும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்க நாடினால், அங்கே போய்ச் சேர்ந்தது முதலே தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும். அதற்குக் குறைவாயின் கஸ்ராகச் சுருக்கலாம். ஜம்உ செய்து சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர், 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்க நாடினால் கஸ்ரே தொழுவார்கள். ஆனால் ஜம்உ செய்யமாட்டார்கள். ஊர்ப் பள்ளியில் உள்ளூர் இமாமைப் பின்தொடர்ந்து தொழுதால் இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

ஜும்ஆவையும் மனத்தில் வையுங்கள். பயணிக்கு அது கடமையன்று என்பது உண்மை. ஆனால் நான்கு நாட்கள் தங்க நாடிய ஷாஃபிஈ, ஜும்ஆ நடைபெறும் ஊரில் இருப்பாராயின் அவர்மீது அது கடமையாகிவிடும். வெள்ளிக்கிழமை எந்தத் தீவில் இருப்பீர்கள் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அன்று ஜும்ஆ நேரத்தில் கடைகள் அடைக்கப்பட்டிருக்கும், படகுகளும் குறைவு.

கிப்லாவும் சற்று மாறும். நம் தமிழகத்தில் மேற்கிலிருந்து சிறிதே வடக்கு நோக்குகின்றோம். அங்கே இன்னும் கூடுதலாக வடக்குப் பக்கம் திரும்ப வேண்டும். தலைநகர் மாலேயில் 1658இல் பவளக் கல்லால் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளி உள்ளது. முன்பிருந்த கோயிலின் அடித்தளத்தின்மேல் அது எழுந்ததாகச் சொல்லப்படுகின்றது. கட்டடம் ஒரு திசையிலும் கிப்லா ஒரு திசையிலும் இருப்பதால், உள்ளே ஸஃப்புகள் சுவருக்குச் சாய்வாகவே அமைந்துள்ளன. சுவர் எப்படி இருந்தால் என்ன, தொழுவோர் தம் முகத்தைச் சரியான திசைக்குத் திருப்பிக்கொண்டார்கள்! எந்த விடுதியில் தங்கினாலும் நமக்கு வேண்டிய பாடம் இதுவே.

பணம் கட்டுமுன்

இறுதியாக ஒன்று. கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் மாலேயிலோ அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயிலோ ஓரிரவு தங்க நேரும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். படகுக் கட்டணம் தனியா, வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். தெளிவாகப் பேசி முடித்த வியாபாரத்தில்தான் பரக்கத் உண்டு. கடன் வாங்கிப் போகும் உல்லாசம் எந்தத் தீவிலும் உல்லாசமாக இராது.

ஓரிடத்தில் இறங்கும்போது அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் துஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துத் தந்துள்ளார்கள். அறைக் கதவைத் திறக்கும்போது பிள்ளைகளோடு சேர்ந்து அதை ஓதுங்கள். ஓதிவிட்டு நிம்மதியாக உள்ளே நுழையக்கூடிய இடமா என்பதை, வீட்டிலிருந்து புறப்படுமுன்பே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வல்ல நாயன் நம் பயணங்களை நலமுள்ளவையாக்கி, நல்ல அண்டை அயலையும், ஸலாமத்தோடு திரும்பும் பாக்கியத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.