செஞ்சிக் கோட்டையருகே வீட்டுப் பழுதுபார்ப்பும் அனுமதியும்

செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் என்பதால், அதனருகே வீடு வைத்திருப்போர் பேரூராட்சியின் கட்டட அனுமதியோடு நின்றுவிட இயலாது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரையுள்ள நிலம் 'தடைசெய்யப்பட்ட பகுதி' ஆகும். அங்கே புதிய வீடு கட்டவோ பழையதை இடித்துத் திரும்பக் கட்டவோ வழியில்லை என்றாலும், 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைத் தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதி பெற்றுச் செப்பனிடலாம். அதற்கப்பால் 200 மீட்டர் 'ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி'. அங்கே கட்டுதல், திரும்பக் கட்டுதல், பழுதுபார்த்தல் மூன்றுக்குமே அனுமதி வேண்டும். 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டைக்கு இக்காப்பு இன்றியமையாதது. எனினும் ஒழுகும் கூரையின்கீழ் வாழ்வோரின் விண்ணப்பங்கள் தாமதமின்றி முடிவு பெறவேண்டும். அவற்றை ஆராய்ந்து பரிந்துரைப்பது தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையமாகும்.