கூடத்துச் சுவரில் இல்லாத படம்

நம் பாலக்கரை வீடுகளின் கூடத்தில் நுழைந்தால் திரு இருதய ஆண்டவர் படத்தை அடுத்துத் திருமணப் புகைப்படம் தொங்கக் காணலாம். மணமகன் விறைப்பாக நிற்பார். மணமகள் மாலையின் பாரத்தில் தலைகவிழ்ந்திருப்பாள். காவிரிக்கு அக்கரையில் திருவரங்கத்து வீடுகளிலும் சாமி படம்தான் வேறு. இந்தப் படம் ஒன்றே. அதற்குப்பின் இருவரும் சேர்ந்திருக்கும் படம் எங்கே என்று வினவினால் வெள்ளிவிழாவையோ அறுபதாம் கலியாணத்தையோ காட்டுவார்கள். இடையே அவள் கீரை ஆய்ந்ததும், அவர் அருகமர்ந்து நாளிதழ் படித்துச் சொன்னதும் எந்தச் சுவரிலும் இல்லை.

புகைப்படக் கருவி நம் ஊருக்குப் புதிதன்று. 1858-லேயே லின்னியஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை அரசுக்காகத் திருச்சியையும் சீரங்கத்தையும் படமெடுத்தார். அவர் நாடியது மலைக்கோட்டையையும் கோபுரங்களையுமே. இல்லறத்தின்பால் கருவியைத் திருப்பியவர் தொலைவில், திரிபுராவில் இருந்தார். 1880-ஐ ஒட்டி மன்னர் பீர் சந்திர மாணிக்கியா தம் அரசி மன்மோகினியை அணைத்தவாறு, கருவியைத் தாமே இயக்கி எடுத்த படம் இன்றும் உள்ளது. அரச குலத்துப் படங்களில் அத்தகைய நெருக்கம் அரிது.

அமெரிக்கரான ஹாரி காலஹன் 1936-ல் தாம் மணந்த எலினோரை வீட்டறையிலும் சிக்காகோ வீதியிலும் ஏரி நீரிலும், பின்னர் மகள் பார்பராவுடனும் பல்லாண்டுகள் படமெடுத்தார். அவற்றுள் ஆடையற்றவையும் உண்டு; அவற்றை நம் இல்லங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஒரே முகத்தைச் சலிக்காமல் நோக்கிய அக்கண்களையே மெச்சுகிறேன்.

இன்று கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. படத்திற்குப் பஞ்சமில்லை, அச்சமே மிகுந்துள்ளது. மனைவி இசைந்து எடுத்த அந்தரங்கப் படத்தைப் பிறர்க்கு அனுப்பவும் அவள் இசைந்தாள் என்று கணவன் கொள்ளலாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே கூறுகிறது. இசைவின்றிப் பரப்பினால், முதன்முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

காதலன் வற்புறுத்தினான் என்று படம் அனுப்பிவிட்டுப் பின்னர் மிரட்டலுக்கு அஞ்சி நடுங்கும் மகளைப் பெற்றோர் முதலில் ஏசுகிறார்கள். அந்த ஏச்சுக்கு அஞ்சியே பல பெண்கள் வாய் திறப்பதில்லை. மிரட்டுபவனும் அதைத்தான் நம்பியிருக்கிறான். பெற்றோரே, குற்றம் செய்தவன் அவன். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சான்று. பெண்கள் உதவி எண் 181. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க மகளைத் தனியே அனுப்பாமல் தந்தையும் உடன் செல்லலாம்.