பீம் பண்ணும்போது ஒரு பிரேம் கெட்டுப்போனா?

எபிசோடில் வேகமா தாண்டிப் போன ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவா பார்க்கலாம்.

1998-ல் வந்த பாம் த்ரீயை எதிரெதிரே நீட்டி, விசிட்டிங் கார்டை 'பீம்' பண்ணுவாங்க. அதுக்குப் பின்னால் இருந்தது ஐஆர்டிஏ இன்ஃப்ராரெட் தரம். 1993-ல் உருவான அந்த அமைப்பின் முகவரி அப்போ நம்ம பே ஏரியாவில், வால்நட் கிரீக்கில் இருந்தது.

இதில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. தன் எல்இடி வெளிச்சமே தன் ரிசீவரின் கண்ணைக் கூச வைக்கும். பேசி முடிச்சவங்களுக்குக் கண் தெளிய 10 மில்லிசெகண்ட் வரை ஆகலாம். போக, வர சேர்த்து 20.

115.2 கேபிபிஎஸ் வேகத்தில் 2048 பைட் பிரேம் ஒன்றை அனுப்பவே சுமார் 178 மில்லிசெகண்ட். 20 ஒரு பொருட்டே இல்லை. 16 எம்பிபிஎஸ்ஸில் அதே பிரேமுக்கு ஒரே மில்லிசெகண்ட்! பழைய வழக்கப்படி 7 பிரேம் அனுப்பிட்டு பதிலுக்கு நின்னா, 7 மில்லிசெகண்ட் பேச்சு, 20 மௌனம். அதனால்தான் விண்டோவை 127 பிரேம் வரை உயர்த்தினாங்க.

சிக்கல் இங்கேதான். 'கோ-பேக்-என்' முறையில் மூணாவது பிரேம் கெட்டா, அதுக்குப் பிறகு நல்லா வந்து சேர்ந்த 124 பிரேமும் திரும்ப வரணும். 'செலக்டிவ் ரிப்பீட்'னா மூணாவது மட்டும் போதும். ஆனால் மீதியைப் பிடிச்சு வைக்க ரிசீவரில் சுமார் 254 கேபி இடம் வேணும். பாம் த்ரீயோட மொத்த மெமரியே 2 எம்பி. ஜன்னல் வெயிலில் பிழை கூடினா விண்டோவைச் சுருக்குறதுதான் மலிவான வைத்தியம்னு நான் சொல்வேன்.

மெமரி மலிவானதும் கதை மாறிடுச்சு. உங்க வீட்டு வை-ஃபையும் ஒரே சேனலில் மாறி மாறித்தான் பேசுது, 802.11என்-ல் 64 பிரேம் வரைக்கும் ஒரே பதில், எது வந்தது எது வரலைன்னு பிட் பிட்டா.