பழுதான தட்டைத் திரை ரிவி: திருத்துவதா, விடுவதா?

ஒட்டுசுட்டானில் மீளக்குடியமர்ந்த பல வீடுகளில் இன்று தட்டைத் திரை ரிவியோ, பிள்ளைகளின் படிப்புக்கு எடுத்த கணினி மொனிற்றரோ உண்டு. சில தவணைக்கு எடுத்தவை, சில பாவித்தவையாக வாங்கியவை, சில வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தந்தவை. அவை நின்றுவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்வருவதில் ஒரு நாள் கூலி போய்விடும். திருத்தக் கூடாத பெட்டிக்குக் கொடுக்கும் பணம் விதைநெல்லுக்கோ கூரைக்கோ உதவியிருக்கும். ஆகவே, புறப்படுவதற்கு முன்னர் வீட்டிலேயே சில விடயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியை வேறொரு பிளக்கில் போட்டுப் பாருங்கள். றிமோட்டின் பற்றரியை மாற்றுங்கள். "சிக்னல் இல்லை" என்று திரையில் எழுத்து வந்தால் பெட்டி நல்லது. வயரோ, டிஷ் பெட்டியோ, தெரிவுசெய்த இணைப்போதான் பிழை. இதைப் பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்வைக் கூலி கொடுத்துத் திரும்பியவர்கள் குறைவல்ல.

அடுத்து, திரையைப் பாருங்கள். தட்டைத் திரைப் பெட்டியில் விலை கூடிய பாகம் திரைப் பனல்தான். கண்ணாடிக்கு உள்ளே சிலந்திவலை போன்ற வெடிப்போ, மை ஊற்றியது போன்ற கறுப்புத் திட்டோ இருந்தால் பனல் உடைந்துவிட்டது என்று பொருள். புதுப் பனலின் விலை பெரும்பாலும் பெட்டியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அதைத் திருத்த வேண்டாம். மேலிருந்து கீழாக நிலையான கோடுகள் விழுந்தாலும் அநேகமாகப் பனல் பழுதுதான். சில வேளைகளில் உள்ளே இருக்கும் பட்டி வயர் கழன்றிருப்பதாலும் கோடு விழும் என்பதால், கிட்ட ஒரு திருத்துநர் இருந்தால் ஒருமுறை காட்டலாம். அதற்காக வவுனியா வரை போவது வீண்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ரோச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பனல் நல்லது; பின்னால் வெளிச்சம் கொடுக்கும் பகுதிதான் பழுது. எல்ஈடி பெட்டிகளில் சிறு விளக்குகள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒன்று எரிந்தாலே முழு வரிசையும் அணைந்துவிடக்கூடும். பட்டியை மாற்றலாம், ஆனால் அதற்குப் பனலைக் கழற்றித் தூக்க வேண்டும். அப்போது பனல் வெடித்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி முற்றாகச் செத்துக் கிடந்தால் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இதுதான் பெரும்பாலும் மலிவாகத் தீரும் பழுது. பியூஸ் போயிருக்கலாம், பவர் போட்டில் ஒரு பாகம் எரிந்திருக்கலாம். மின்வெளிச்சம் கண்சிமிட்டுவது, "டிக் டிக்" என்று சத்தம் வருவது, பல தடவை அமத்திய பின்னரே வேலை செய்வது எல்லாம் கப்பாசிற்றர் பழுதின் அடையாளங்கள். அதன் தலைப்பக்கம் தட்டையாக இல்லாமல் ஊதியிருக்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் செய்யப்பட்ட பல மொனிற்றர்களில் தரம் குறைந்த கப்பாசிற்றர்கள் போடப்பட்டிருந்தன. பாவித்த மொனிற்றர் வாங்கியவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். பாகத்தின் விலை மிகச் சிறிது, கூலிதான் செலவு. சூட்டைத் தேடிப் போகும் பல்லியும் எறும்பும் போட்டைக் கெடுப்பதும் உண்டு.

எனினும் பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். 230 வோல்ற் மின்சாரம் பவர் போட்டுக்குள் 300 வோல்ற்றுக்கு மேல் சேமிக்கப்படுகிறது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் நிற்கும். பழைய எல்சிடி பெட்டிகளில் குழல் விளக்கை ஏற்றும் பகுதியில் அதிலும் கூடிய அழுத்தம் உண்டு.

கனடாவிலிருந்து வந்த பெட்டி பற்றி ஒரு வார்த்தை. அங்கு மின்சாரம் 120 வோல்ற். பெட்டியின் பின்புற லேபிளில் 100–240 என்று இருந்தால் நேரே போடலாம். 120 என்று மட்டும் இருந்தால் இங்கு போட்டவுடன் எரிந்துவிடும். லேபிள் சரியாக இருந்தும் அன்ரெனாவில் எமது ஒளிபரப்பு வராவிட்டால் அது பழுதல்ல, ஒளிபரப்பு முறை வேறு. அதற்காகத் திருத்தக் கூலி கொடுக்காதீர்கள்.

கடையில் கொடுக்கும்போது பார்வைக் கூலி எவ்வளவு, பாகத்துக்கு எவ்வளவு, எத்தனை மாதம் பொறுப்பு என்பவற்றைத் துண்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள். முழுப் பணத்தையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். எமது கணிப்பில், போக்குவரத்தும் சேர்த்து மொத்தச் செலவு, அதே அளவான பாவித்த நல்ல பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவதே நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியென்றால் வெளியில் திறக்கக் கொடுக்காமல், பற்றுச்சீட்டுடன் விற்ற கடைக்கே கொண்டுபோங்கள்.

திரை உடைந்த பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதன் பவர் போட்டும் மெயின் போட்டும் அதே மொடல் வைத்திருக்கும் வேறொருவருக்கு உதவும் என்பதால் திருத்துநர்கள் விலை கொடுத்து எடுப்பார்கள். செம்புக்காக எரிப்பது ஆபத்து. பழைய எல்சிடி குழல்களில் பாதரசம் இருப்பதால் அவற்றைப் பிள்ளைகள் உடைக்கவும் விடக்கூடாது. 2008, 2009 இடப்பெயர்வின்போது புதைத்துவிட்டுப் போன பெட்டிகளைத் தேடி, கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத காணிக்குள் இறங்க வேண்டாம். மண்ணுக்குள் கிடந்த பெட்டி எப்படியும் வேலை செய்யாது.

சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் கூடுதலாக இருக்கும். வானம் இருண்டவுடனேயே பிளக்கை மட்டுமல்ல, அன்ரெனா வயரையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும். தலைக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கிவிட்டால் வயரைத் தொடப் போகாதீர்கள்.