காறிய முறுக்கும் ஓடும் எண்ணெயும்

தீபாவளி முடிந்து இரண்டு மாதம் கழித்து, அலமாரி மேல்தட்டில் மறந்துபோன முறுக்கு டின் ஒன்று அகப்படும். திறந்தால் குப்பென்று காறல் வாடை. கெடாவில் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது; சுங்கை பட்டாணி வீட்டுச் சட்டியில் காய்வதும் பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான்.

காறல் என்பது காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைக் கடித்துத் துண்டாக்கிய கதை. ஆலைகளும் எண்ணெயை இப்படித் துண்டாக்கிக் காசு பார்க்கின்றன. கண்ட இடத்தில் கடிக்க விடுவதில்லை, அவ்வளவுதான்.

செம்பனை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் சுமார் 40 விழுக்காடு ஒலியிக் அமிலம். 18 கார்பன் கோத்த சரம் அது. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. இரட்டை முடிச்சு வலுவான இடம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆலையில் செலுத்தும் ஓசோன் வெட்டுவது அங்கேதான்! சரம் ஒன்பது ஒன்பதாகப் பிரிகிறது: முகப்பருக் களிம்பில் சேரும் அசெலாயிக் அமிலம் ஒன்று, களைக்கொல்லிக்கும் மசகுக்கும் போகும் பெலார்கோனிக் அமிலம் மற்றொன்று.

தொல்லை, நடுவில் பிறக்கும் ஓசோனைடு. சூடு கிளப்பும், ஓரிடத்தில் சேர்ந்தால் வெடிக்கவும் கூடும். பெரிய கொப்பரையில் மொத்தமாக வைத்துக் கிண்டுவது ஆபத்து.

ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றும் அண்ணனைப் பாருங்கள். தேநீர் மெல்லிய தாரையாக இறங்கும்போது காற்றும் கலக்கிறது, சூடும் தணிகிறது. கொப்பரைக்குப் பதிலாக எண்ணெயைக் குழாயில் ஓடவிடும் ஓட்டக் கலனும் அப்படித்தான். ஒலியிக் அமிலமும் ஓசோனும் குழாயில் ஒன்றாக ஓடுகின்றன. அடுத்த பகுதியில் ஆக்சிஜனும் வெப்பமும் ஓசோனைடை உடைத்து அமிலங்களாக்குகின்றன. ஒரு மீட்டர் அகலக் கொப்பரையைவிட ஒரு மில்லிமீட்டர் குழாயில், அதே அளவு எண்ணெய்க்குக் கிடைக்கும் பக்கச்சுவர் 1,000 மடங்கு. சூடு உடனே வெளியேறிவிடும். ஏதாவது பிசகினாலும் உள்ளே இருப்பது ஒரு கோப்பை அளவுதான்.

மெல்லிய குழாய் புதிது. ஓட்டத்தில் வெட்டும் யோசனை பழையது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் எமரி ஆலை 1950களிலேயே பெரிய கலன்கள் வழியே ஓடவிட்டு இதைத் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு சமையல் சாமர்த்தியம் உண்டு. ஓசோனைடு பாகு மாதிரி கெட்டியாகும். கடைசியில் கிடைக்கும் பெலார்கோனிக் அமிலத்தில் கொஞ்சம் எடுத்து முதலிலேயே ஊற்றி இளக்குகிறார்கள், கெட்டியான சாம்பாரைப் பருப்பு வெந்த தண்ணீராலேயே இளக்குவது போல. வேறு எதையாவது ஊற்றினால், பிறகு அதைத் தனியே பிரித்தெடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.